டாங்கியை மட்டுந்தான் தாக்குமா?

ராணுவ விஷயங்களைப் பற்றி எழுதுவோர் பலர் ஓர் அபிப்பிராயத்தை ஏறக்குறையச் சித்தாந்தமாகவே கொண்டுவிட்டனர். மனிதரைக் குறிவைக்கும் கண்ணிவெடி கொடியது, ஆகவே விலக்கத்தக்கது. டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியோ யுத்த தர்மத்துக்கு உட்பட்ட தளவாடம், அது இரும்பை மட்டுமே தீண்டும், நடந்து செல்பவனை ஒன்றும் செய்யாது, செலவு சொற்பம், பலன் நிச்சயம் என்பது அவர்கள் கூற்று. 1997-ல் கையெழுத்தாகி 1999 மார்ச்சில் அமலுக்கு வந்த ஒட்டாவா உடன்படிக்கை, முன்னதைத் தடை செய்து பின்னதை விட்டுவிட்டதையே தக்க பிரமாணமாகவும் காட்டுவர். விட்டுவிட்டது மெய்தான், விட்டதற்குச் சொல்லும் நியாயம் நிற்குமா என்பதே ஆராயத்தக்கது.

இரும்பை மட்டுமே தீண்டும் என்பதை முதலில் பார்ப்போம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் ஏராளமாகப் புதைத்த டெல்லர் கண்ணி, தட்டு வடிவில், சுமார் 9 கிலோ எடையில், 5.5 கிலோ வெடிமருந்துடன் அமைந்தது. அதன் மேல்மூடியின் மீது ஏறத்தாழ 100 முதல் 180 கிலோ வரையிலான பாரம் அழுந்தினாலே போதும், விசை இயங்கிவிடும். பல டன் எடையுள்ள டாங்கிக்கு வைத்த பொறி இவ்வளவு அற்பத்தில் ஏன் திருப்தியடைய வேண்டும்? டாங்கியின் சங்கிலித்தடம் பாரத்தை நீளவாட்டில் பரப்பிவிடுகிறது. மேலே மூடிய மண்ணும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. ஆதலால் வரம்பைத் தாழ்த்தி வைப்பதன்றி வேறு வழியில்லை. அப்படித் தாழ்த்திய வரம்புக்குள் டிராக்டரும் பாரவண்டியும் பிரயாணிகள் நிறைந்த பஸ்ஸும் அடங்கிவிடுகின்றன. பிற்காலத்துச் சோவியத் டி.எம்.62 வகைக்கும் வரம்பு 150 கிலோவில்தான் தொடங்குகிறது. அங்கோலாவின் உள்நாட்டு யுத்தத்தில் சாலைகளெங்கும் இத்தகைய கண்ணிகள் கிடந்தமையால் லாரிகள் செல்ல இயலாது, குய்ட்டோ போன்ற நகரங்களுக்கு உணவுத் தானியத்தை ஆகாய விமானத்தில் ஏற்றிச் செல்ல நேர்ந்தது. அந்தச் சாலைகளில் தானியத்தை மறித்தது எந்த நாட்டு டாங்கிப் படை என்று இவர்களைக் கேட்கலாம்.

நடப்பவனை ஒன்றும் செய்யாது என்பது இரண்டாவது வாதம். மேல்மூடியின் மீது ஒருவன் சாதாரணமாகக் கால் வைத்துச் சென்றால் பெரும்பாலும் வெடிக்காது என்பது உண்மையே. ஆனால் டெல்லர் கண்ணியின் பக்கத்திலும் அடியிலும் வேறு துவாரங்கள் ஏன் செய்யப்பட்டன? தோண்டி எடுக்க முயல்பவனைக் கொல்லும் துணை விசைகளைப் பொருத்துவதற்கே. மேலும், எதிரி எளிதில் அகற்றாதிருக்கும் பொருட்டு, டாங்கிக் கண்ணிகளுக்கிடையே மனிதரைக் கொல்லும் கண்ணிகளையும் கலந்து புதைப்பது பல சேனைகளின் வழக்கம். ஒன்றுக்கு மற்றொன்று காவல். காவலை மட்டும் பழித்துக் காக்கப்படுவதைப் புகழ்வது என்ன நியாயமோ!

அந்தக் காவற்கண்ணிகள் எத்தகையவை என்பதைக் காஞ்சிபுரம் பக்கத்தவரான சுபேதார் சுப்பிரமணியன் வரலாறு காட்டும். மதராஸ் ஸாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையைச் சேர்ந்த அவர் 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிகளைத் தேடும் கருவியுடன் முன்னே செல்ல, பின்னே வந்தவர் வெள்ளை நாடா விரித்து வழியைக் குறித்துவந்தார். பின்வந்தவர் காலடியில் ஒரு கண்ணி இயங்கிவிட்டது. அது வெடிக்கச் சில வினாடிகளே உண்டு என்பதை அறிந்த சுபேதார் அதன் மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து மாண்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு மரணத்துக்குப் பின் அளிக்கப்பட்டது.

பலன் நிச்சயம் என்போர் எகிப்தின் எல் அலமெய்ன் போரைக் காட்டுவர். ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் சேனை அங்கே நாலு லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணிகளைப் புதைத்து அவ்வெளிகளைப் பிசாசுத் தோட்டங்கள் என அழைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பங்கு டாங்கி எதிர்ப்புக் கண்ணிகளே. 1942 அக்டோபர் 23 இரவு பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் பீரங்கிகள் முழங்கியபின் ஸாப்பர்கள், போலந்துக்காரரான யூசெஃப் கொசாட்ஸ்கி வகுத்த கருவிகளைக் கொண்டும், அவை பழுதான இடத்தில் துப்பாக்கிச் சனியனால் மணலைக் குத்திப் பார்த்தும், சந்துகளைத் திறந்தனர். விடியுமுன் மறுகரை சேர வேண்டிய டாங்கிகள் அச்சந்துகளில் நெருக்கியடித்து ஸ்தம்பித்தது மெய்யே. ஆயினும் அங்கே டாங்கிகளைத் தகர்த்ததில் பெரும்பங்கு அந்நிலத்தைக் குறிவைத்திருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுடையது; கண்ணியில் சங்கிலி அறுந்த டாங்கிகள் பல பழுது பார்க்கப்பட்டு மீண்டும் களம் புகுந்தன. நவம்பர் 4-ஆம் தேதி ரோம்மலின் சேனை பின்வாங்கத் தொடங்கியது. இத்தனை கண்ணிகளுக்கும் கிடைத்த பலன் கால தாமதமே. பின்வாங்கிய சேனை அவற்றைத் தன்னுடன் எடுத்துச் செல்லவில்லை. மணல் நகர நகர இடம் தடுமாறிப்போன அவ்வெடிகளுக்கு எகிப்தின் மேற்குப் பாலைவனத்து பெதுயின் மக்கள் யுத்தம் முடிந்து பல தலைமுறைகளாக இரையாகி வருகின்றனர். சொற்பச் செலவு என்போரின் கணக்கில் இது ஏறுவதில்லை.

ஆகவே ஒட்டாவா உடன்படிக்கையை இவ்வெடிகளின் நற்சாட்சியாகக் கொள்வது தவறு. அது ராஜ்ய சௌகரியத்தால் வரையப்பட்ட எல்லையேயன்றிக் கருவியின் சுபாவத்தால் வரையப்பட்டதன்று. வாகன எதிர்ப்புக் கண்ணிகளுக்கெனத் தனி விதிகள் காண 2006-ல் ஜெனீவாவில் நாடுகள் கூடியபோது ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.