பசியை அடக்கும் மாத்திரை பசியோடு நின்றுவிடுமா?

மே மாதம் போளூரில் வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போனால் காத்து சிலுசிலுன்னு அடிக்கும். ஆனால் இரண்டு ஊரிலும் உங்கள் உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ்தான். அதைக் கட்டிக்காப்பது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ். பசி, ஹார்மோன் எல்லாமே அதன் இலாகாதான். அங்கே தகவல் சொல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின்.

எடை குறைய விற்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், மூளையில் இந்தச் செரட்டோனினைக் கூட்டிவிடும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தீனி குறைந்தது. கூடவே, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் எகிறியது. குளிர்ந்த அறையில் இருந்த எலிகளுக்கு உடல் வெப்பம் இறங்கியது. சூடான அறையில் இருந்தவற்றுக்கு ஏறியது. போளூரில் ஒரு மாதிரி, ஜமுனாமரத்தூரில் வேறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

‘எலிக்கு நடந்தது நமக்கு ஏன் நடக்கணும்?’ நியாயமான கேள்விதான். ஆனால் மனிதர்களுக்கும் இந்த மருந்தால் புரோலாக்டின் ஏறியது. பெரிய அடி இதயத்தில் விழுந்தது. சாப்பிட்டவர்கள் சிலரின் இதய வால்வுகள் பழுதானதால் 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1998-ல் இந்தியாவும் தடை செய்தது. (அரிய வகை வலிப்பு நோய்க்காக, இதயப் பரிசோதனை நிபந்தனையோடு, 2020-ல் அமெரிக்காவில் அது திரும்ப வந்தது தனிக்கதை.) அடுத்து வந்த சிபுட்ரமினும் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் அங்கே விலக்கப்பட்டது, 2011-ல் இங்கே தடை.

தடை போட்டும் தீரவில்லை. ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட பல ஸ்லிம்மிங் மாத்திரைகளில் சிபுட்ரமின் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தது. லேபிளில் அந்தப் பெயரே இருக்காது. இன்ஸ்டாவில் பார்த்து வாங்கிய பவுடரால் நாலு நாளில் பசியே காணாமல் போனால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் உஷாராக இருக்கணும். அவற்றில் பலவும் செரட்டோனின் வழியாகவே வேலை செய்பவை. அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது, மேலே இந்தப் பவுடரைச் சேர்க்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவு மீறினால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், காய்ச்சல் போல உடல் கொதிப்பது என்று ஆரம்பிக்கும். அப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்தப் பவுடர் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு.