மஞ்சள் கடுதாசி வந்தால் பணம் போச்சா? ரிசீவர் சும்மா இருந்தால் கோர்ட்டு கேட்கலாம்!

திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு கடை நாலு நாள் திறக்கவில்லை என்றால் போதும். "ஐ.பி. போட்டுட்டானாம், மஞ்ச கடுதாசி வந்துடுச்சாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். தீபத் திருவிழாவுக்கு சரக்கு கடன் கொடுத்தவர், கைமாற்று கொடுத்தவர் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"போனது போனதுதான்" என்று அவர்கள் முடிவு கட்டுவது தவறு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சென்னை நகருக்கு 1909-ம் ஆண்டு திவால் சட்டம். நம்மைப் போன்ற வெளியூர்களுக்கு 1920-ம் ஆண்டு சட்டம். 2016-ல் புதிய சட்டம் வந்தது. ஆனால் அதன் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலானது. சாதாரண வியாபாரிக்கு பழைய சட்டம்தான்.

மனைவி பெயரில் வீடு

ஒருவர் திவால் என்று கோர்ட்டு அறிவித்ததும், அவர் சொத்து கோர்ட்டு அல்லது ரிசீவர் வசம் போய்விடும். அதன் பிறகு கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டு அனுமதி இல்லாமல் அவர் மேல் தனியாக வழக்கு போட முடியாது. எல்லோருக்காகவும் வழக்காட வேண்டியவர் ரிசீவர்தான்.

ஐ.பி. கொடுப்பதற்கு முன்பே வீட்டை மனைவி பெயருக்கும், நிலத்தை மைத்துனர் பெயருக்கும் எழுதி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய 2 வருஷத்துக்குள் ஐ.பி. மனு தாக்கலாகி, அதில் அவர் திவால் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை 53-வது பிரிவின்படி கோர்ட்டு ரத்து செய்யலாம். நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு மட்டும் பயமில்லை.

இந்த மனுவைப் போட வேண்டியவர் ரிசீவர். அவர் போடாவிட்டால்?

இரண்டு வழி

54-ஏ பிரிவு இருக்கிறது. ரிசீவரிடம் கேட்டும் அவர் மறுத்துவிட்டார் என்று காட்டினால், தன் கடனை நிரூபித்தவர் கோர்ட்டு அனுமதியோடு தானே மனு போடலாம்.

68-வது பிரிவும் இருக்கிறது. ரிசீவரின் எந்த முடிவால் பாதிக்கப்பட்டவரும் 21 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த முடிவை கோர்ட்டு உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

சிக்கல் எங்கே? "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால், மறுத்தார் என்று எப்படிக் காட்டுவது? 21 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

அதனால் கடன் கொடுத்தவர்கள் முதலில் தங்கள் கடனை முறைப்படி நிரூபித்துவிட வேண்டும். ரிசீவரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

ரிசீவர் பக்கமும் நியாயம்

வழக்கு வேண்டாம் என்று ரிசீவர் சொன்னாலே சதி என்று கூச்சல் போடக்கூடாது. வழக்குச் செலவு எல்லோருக்கும் பங்கு போக வேண்டிய பணத்திலிருந்துதான் போகும். பத்தாயிரம் வசூலிக்க இருபதாயிரம் செலவழித்தால் யாருக்கு லாபம்? தோற்கும் வழக்கை ஒதுக்குவதும் ரிசீவரின் கடமைதான்.

ஆனால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அதை எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்தின் மதிப்பு என்ன, சாட்சி உண்டா, செலவு எவ்வளவு என்று கோர்ட்டு கேட்க வேண்டும். "ரிசீவர் சொல்லிவிட்டார்" என்பதோடு விட்டுவிடக்கூடாது. காரணம் சரியானால் அவர் முடிவு நிற்கட்டும். இல்லாவிட்டால் கடன் கொடுத்தவருக்கு அனுமதி தரட்டும். செலவை முதலில் அவரே போடட்டும். மீண்டு வரும் சொத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

வழக்கு போடுவதா இல்லையா என்ற முடிவை, காரணத்தோடு, குறித்த நாளுக்குள் ரிசீவர்கள் எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். சர்க்காருக்கு இதில் காலணா செலவில்லை. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை இழந்து நிற்பவனுக்கு, அது ஏன் திரும்பவில்லை என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டாமா?

சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?