பென்டிரைவ் திறக்கவில்லை என்பதற்காக லினக்ஸை ஏன் அழிக்கிறீர்கள்?



மிளகாய் விலை பற்றி எழுதச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது அடுத்த முறை. இன்றைக்குக் கம்ப்யூட்டர் பற்றி. "டீச்சர் நமக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவங்க, இவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும்" என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான் நான் படித்தது. ஆனால் ரிட்டயர்டு ஆன பிறகு எனக்கு நேரம் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களைப் போல ஆயிரம் பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஆகவே முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் முதுகுளத்தூர் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பல வீடுகளில் டிவிக்கு அடுத்து உள்ளே வந்த பெரிய மின்சாரப் பொருள் அதுதான். மழை பார்த்து மிளகாய் போடுகிற, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற வீடுகள் அவை. அந்த மடிக்கணினியைத் திறந்தால் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் லினக்ஸ் என்பது சென்னையில் இருக்கிற சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியன் லினக்ஸை வைத்து உருவாக்கியது. 2007-இல் முதலில் வெளிவந்தது. தமிழிலேயே மெனு வரும். காசு கிடையாது, யாருக்கும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இன்றைக்கு நான் போகிற வீடுகளில் அந்த மடிக்கணினிகளைப் பார்க்கிறேன். லினக்ஸ் இருந்த இடமே தெரியாது. கேட்டால் எல்லோரும் சேர்ந்து பாடம் படித்த மாதிரி ஒரே பதில்: "அதுல பென்டிரைவ் எடுக்க மாட்டேங்குது டீச்சர். கடையில குடுத்து விண்டோஸ் மட்டும் போட்டுட்டோம்." கடையில் போட்டுத் தருகிற விண்டோஸுக்குப் பில் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள். அது வேறு கதை.

பென்டிரைவ் திறக்காத தொல்லை உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக லினக்ஸை அழிப்பது, பூட்டு திறக்கவில்லை என்று வீட்டை இடிக்கிற வேலை. எந்தச் சாவி, எந்தப் பூட்டு என்று பார்க்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2018-இல் மாறிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸும் பாடமாக இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் படத்தைப் பார்த்து ஐகான் பெயர் எழுதுகிற பிள்ளைக்கு, பென்டிரைவைச் சொருகியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கைவேலையைக் கையால்தான் படிக்க வேண்டும். தறியைப் படத்தில் பார்த்துவிட்டு பரமக்குடியில் போய் நெசவு நெய்ய முடியுமா?

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பென்டிரைவ் வெறும் பெட்டி. அதற்குள் கோப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது, எந்தப் பதிவேட்டில் குறிப்பது என்று ஒரு முறை உண்டு. அந்த முறைக்குப் பெயர்தான் ஃபார்மட். ஃபேட்32 என்பது பழைய முறை. அநேகமாக எல்லா மெஷினிலும் திறக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் இருக்கிற ஒரே கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோக்காரர் கொடுக்கிற கோப்பு அதில் நுழையாததற்கு இதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அந்த வரம்பு இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் இப்போது எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. ஆனால் அதை எழுதுகிற விதத்தை மைக்ரோசாஃப்ட் ரொம்ப வருஷம் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. 2019-இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டு கடைசியில் லினக்ஸுக்குள் எக்ஸ்ஃபேட் வந்தது, 2020-இல் இன்னும் ஒழுங்காக வந்தது. அதற்கு முன்னால் வந்த நம் இலவச மடிக்கணினி லினக்ஸ், எக்ஸ்ஃபேட் பென்டிரைவைப் பார்த்து "இது என்ன மொழியென்று எனக்குத் தெரியவில்லை" என்று கையை விரித்தது. அதற்கு எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற சின்னத் தொகுப்பை நிறுவினால் போதும். அல்லது புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அது தானாகத் திறக்கும். மூடிவைத்திருந்தவர் ஒருவர், திட்டு வாங்கியது இன்னொருவர்!

திறந்தும் திறக்காத மாதிரி தெரிவது ஒன்று உண்டு. விண்டோஸில் பென்டிரைவுக்கு இ, எஃப் என்று ஓர் எழுத்து வரும். லினக்ஸில் அப்படி வராது. மீடியா என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்தைத் தேடிவிட்டுக் காணோம் என்பார்கள். சந்தேகம் இருந்தால் டெர்மினலில் எல், எஸ், பி, எல், கே என்று ஐந்து எழுத்தைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். சொருகியிருக்கிற அத்தனையும் அளவோடு பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் பென்டிரைவ் இருந்தால் அது சாகவில்லை என்று அர்த்தம். அங்கேயே இல்லையென்றால் வேறு துளையில் சொருகிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பென்டிரைவைச் சந்தேகப்பட வேண்டும்.

"படிக்க முடியுது, எழுத முடியல" என்பது இன்னொரு புகார். விண்டோஸ் 8-இலிருந்து வேகமாகத் திறப்பதற்காக, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை, அரைத்தூக்கம்தான். அந்த நிலையில் விட்டுவந்த டி டிரைவை லினக்ஸில் திறந்தால், "இன்னொருவர் பாதி வேலையில் விட்டுப்போயிருக்கிறார், நான் கை வைக்க மாட்டேன்" என்று அது ஒதுங்கிக்கொள்ளும். பண்புள்ள குணம்தானே? விண்டோஸில் அந்த வேகத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு முழுசாக அணைத்தால் சரியாகிவிடும். பாஸ்வேர்டு கேட்பதும் இந்த மாதிரிதான். கேட்டால் கொடுங்கள், உங்கள் மெஷின்தானே. பள்ளி லேபில் கேட்டால் அங்கே வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிடுங்குவது. நாங்கள் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது சில நாள் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, பிறகு பதிவேட்டில் ஏற்றுவோம். லினக்ஸும் அப்படித்தான். காப்பி ஆகிவிட்டது என்று திரையில் காட்டினாலும் கொஞ்சம் அதன் நினைவில் இருக்கும், மெதுவாகத்தான் பென்டிரைவில் எழுதும். எஜெக்ட் கொடுத்தால் "இருங்க, எழுதிட்டுத் தர்றேன்" என்று முடித்துவிட்டுத்தான் விடும். ஆனால் நம் ஆட்களுக்குப் பஸ் போய்விடும் அவசரம். வெடுக்கென்று பிடுங்குவார்கள். கோப்பு பாதி இருக்கும், பதிவேடு குழம்பியிருக்கும். அடுத்த முறை சொருகும்போது தகராறு. மறுபடியும் திட்டு லினக்ஸுக்கு.

லினக்ஸ் நமக்குச் செய்த நல்லதை யாரும் சொல்வதில்லை. பிரவுசிங் சென்டர்களில் ஷார்ட்கட் வைரஸ் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? கோப்புறை எல்லாம் மறைந்து, அம்புக்குறி போட்ட ஐகான்கள் மட்டும் நிற்கும். ஹால்டிக்கெட், சான்றிதழ் எல்லாம் போச்சு என்று அழுத பிள்ளைகள் உண்டு. அதே பென்டிரைவை லினக்ஸில் சொருகினால் கோப்புகள் எல்லாம் அப்படியே தெரியும். அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, லினக்ஸில் அதற்கு வேலையில்லை. நம் பிள்ளைகள் சிலர் அப்படித்தான் தங்கள் சான்றிதழை மீட்டார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

இப்போது எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன்.

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, சுதந்திர தினம், குரூப் போட்டோ எல்லாம் பிரிண்டாக என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. இடித்துவிட்ட அந்த ஓட்டுக் கட்டடத்தின் படங்களும் அதில் உண்டு. சென்னையில் இருக்கும் சொந்தக்காரப் பையன் அத்தனையையும் ஸ்கேன் செய்து, தன் கல்யாண வீடியோவையும் சேர்த்து, எக்ஸ்ஃபேட் போட்ட 32 ஜிபி பென்டிரைவில் கொடுத்தான். அவன் வீட்டுப் பிரதி அவன் ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. என் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. பென்டிரைவை அக்கா வீட்டுக்குப் படம் பார்க்கக் கொடுத்தேன். அக்கா பேத்தி பிளஸ் டூவில் வாங்கிய இலவச மடிக்கணினி அங்கே இருக்கிறது. அவள் தம்பி லினக்ஸில் சொருகியிருக்கிறான், திறக்கவில்லை. "சின்ன அம்மாச்சி, பென்டிரைவ் செத்துருச்சு" என்று என்னிடம் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நேரே ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லா மெஷின்லயும் எடுக்கிற மாதிரி" ஃபார்மட் அடித்து, சும்மா இருக்கிறதே என்று கொஞ்சம் சினிமாப் பாட்டையும் ஏற்றி, மடிக்கணினியில் லினக்ஸையும் தூக்கிவிட்டு, காசு வாங்கி அனுப்பிவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த நம் மாணவி ஒருத்தி, கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவள், விஷயத்தைக் கேட்டுத் தன் மடிக்கணினியோடு வந்தாள். லினக்ஸ்தான் வைத்திருக்கிறாள். "இதுல இனிமே ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது டீச்சர்" என்று முதலில் சொன்னாள். சாதாரணமாக வேகமாக அடிக்கிற ஃபார்மட்டில் பதிவேடுதான் அழியுமாம், படங்கள் இருந்த இடத்திலேயே இருக்குமாம். மேலே வேறு எதையாவது எழுதினால்தான் உண்மையில் அழியும். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டினாள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. மீட்டதையெல்லாம் தன் மடிக்கணினியில்தான் சேர்த்தாள், பென்டிரைவைத் தொடவே இல்லை. மதியம் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் படங்கள் வரிசையாக வந்தன. அதே லினக்ஸ்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயர் எதுவும் இல்லை. எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு நீள எண், அவ்வளவுதான். எந்த வருஷம், எந்த வகுப்பு என்று நான் ஸ்கேன் செய்த பையனிடம் சொல்லி எழுதவைத்த கோப்புறைப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. சினிமாப் பாட்டு உட்கார்ந்த இடத்தில் இருந்த படங்கள் திரும்பவே இல்லை. சில படங்கள் மேல் பாதி மட்டும் வந்தன, கீழ்ப் பாதி சாம்பல் நிறம். அதில் ஒன்று, ஓட்டுக் கட்டடத்தின் முன் எடுத்த ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ. பின்வரிசையில் நின்ற உயரமான பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்த நாங்களும் தெரிகிறோம். தரையில் உட்கார்ந்த குட்டைப் பிள்ளைகள் வரிசை இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கப் போய் அங்கேயே இறந்துபோன நம் பையன் அந்த வரிசையில் இடது ஓரத்தில் இருந்தான். அவன் அம்மாவிடம் அவனுடைய சின்ன வயசுப் படம் ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டில் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம். பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வே அதில்தான். அங்கேயும் பென்டிரைவ் தகராறு செய்யும். ஆனால் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள், அதனால் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நமக்கு மெஷின் வந்தது, ஆள் வரவில்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இருக்கிற பழைய மடிக்கணினிகள் விண்டோஸ் 11-ஐத் தாங்காது. அவற்றைப் பாதுகாப்பாக ஓட்ட மிச்சம் இருக்கிற வழி லினக்ஸ்தான். அதைத்தான் கடையில் கொடுத்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு என் கோரிக்கை: ஆறாம் வகுப்பிலேயே ஒரு பீரியடு எடுத்துப் பென்டிரைவைச் சொருகவும், எஜெக்ட் செய்யவும், ஃபார்மட் என்றால் அழிப்பது என்றும் பிள்ளைகள் கையால் செய்துபார்க்க வையுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு: ஃபார்மட் அடிப்பதற்கு முன் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேளுங்கள், அதற்குக் காசு கூட வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லோருக்கும்: திரையில் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டுத் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

அந்த ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோவின் பிரிண்ட் உங்களில் யார் வீட்டுச் சுவரிலாவது இருக்க வேண்டும். பின்னால் ஓட்டுக் கட்டடம், வலது பக்கம் கொடிக்கம்பம், ஹெட்மாஸ்டர் சார் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து, வெயில் படாத வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பென்டிரைவில் கொண்டுவந்தாலும் சரி, எந்த ஃபார்மட்டாக இருந்தாலும் நான் திறந்துகொள்கிறேன். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.