சாப்பாட்டு ராமன்னு சிரிக்கறதுக்கு முன்னாடி...

எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்குப் பட்டப்பேரு "பார்சல்". வெச்சதுல எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கறேன். திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு தினமும் பஸ்ல வர்றவன். அவன் அனுமதியோடதான் இதை எழுதறேன்.

சாயங்காலம் திண்டிவனத்துல இறங்கினதும் பரோட்டா பார்சல் வாங்குவான். பஸ் ஸ்டாண்டு ஓரமா, தெரிஞ்ச முகம் இல்லாத இடமா பார்த்து, பசியே இல்லாம ஆறேழு பரோட்டாவை பத்து நிமிஷத்துல முடிப்பான். வயிறு வலிக்கும், அழுகை வரும். பேப்பரை வீசிட்டு வீட்டுக்குப் போய், ஒண்ணும் நடக்காத மாதிரி அம்மா போடற தோசையையும் சாப்பிடுவான். வாரத்துல மூணு நாள் இதே கதை.

இதுக்குப் பேரு பின்ஜ் ஈட்டிங் டிஸ்ஆர்டர். 1959-லயே ஆல்பர்ட் ஸ்டங்கார்டுங்கற அமெரிக்க மனநல டாக்டர் எழுதி வெச்சிருக்கார். தனி நோய்னு அந்த ஊர் மனநல மருத்துவர் சங்கம் ஏத்துக்கிட்டது 2013-ல. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசம் இப்படி நடந்தா நோய்ங்கறது அவங்க கணக்கு. எடை அதுல ஒரு அளவுகோலே கிடையாது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரலாம்.

நமக்குத்தான் நிறைய சாப்பிடறவன்னாலே காமெடி ஆச்சே! 1957-ல மாயா பஜார் கடோத்கஜன் கல்யாண விருந்தைக் காலி பண்ணப்போ ஆரம்பிச்ச சிரிப்பு இன்னும் நிக்கலை. ஆனா கடோத்கஜன் சந்தோஷமா சாப்பிட்டான். இவன் அப்படியா?

சிரிக்கறவங்களை விட எனக்குக் கோவம் அட்வைஸ் மன்னர்கள் மேல. ஒரு டாக்டர்கிட்ட போயிருக்கான். "வாயைக் கட்டு தம்பி"ன்னு ஒரு டயட் சார்ட். அவ்வளவுதான். தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு, ஒரு கேள்வி இல்லை. இவனும் நாலு நாள் பட்டினி மாதிரி கிடந்தான். அஞ்சாம் நாள் பத்து பரோட்டா. பட்டினி போட்டா அடுத்த வெறி பெருசா வரும். இந்த நோயோட குணமே அதான். சார்ட்டே தீனி போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அமெரிக்காவுல 2007-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, வாழ்நாள்ல இந்த நோய் வந்தவங்கள்ல 100-க்கு 79 பேருக்கு வேற ஒரு மனநலப் பிரச்சினையாவது இருந்திருக்கு. பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம்... இவனுக்கு அப்பா போனதுல இருந்து ராத்திரி தூக்கமே இல்லை. அது எங்க யாருக்கும் தெரியாது, ஏன்னா யாரும் கேக்கலை. காமர்ஸ் பசங்க பாஷைல சொன்னா, டெபிட்டை மட்டும் பார்த்துட்டு அக்கவுண்டை மூடறோம். எதிர்ல இருக்கற கிரெடிட் எங்கடா?

"ஆம்பளைப் பையனுக்கு இதெல்லாம் வருமா"ன்னு கேக்கறவங்களுக்கு: அதே ஆய்வுல பெண்கள் 3.5 சதவீதம், ஆண்கள் 2 சதவீதம். வரும்.

பேச்சு வழி சிகிச்சை இதுக்கு நல்லா வேலை செய்யுது, தேவைப்பட்டா மாத்திரையும் தருவாங்க. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, பாண்டிச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416, டெலிமானஸ், காசு கிடையாது. மனநலப் பிரிவு வாசல்ல யாராவது பார்த்துடுவாங்களோன்னு இவன் ரெண்டு தடவை பாதிலயே திரும்பி வந்தான். மூணாவது தடவை நான் கூடப் போனேன்.

போன வாரம் கேன்டீன்ல எங்களோட உட்கார்ந்து, எல்லார் முன்னாடியும் ரெண்டு இட்லி சாப்பிட்டான். "என்ன பார்சல், அவ்ளோதானா?"ன்னு பின்னாடி ஒருத்தன் சிரிச்சான்.