பிறந்த நாள் விடுதலை



ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றி இந்த மாதம் உங்களிடம் பேச நினைக்கிறேன். தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே இலக்கியம்பட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த நாள். கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு இலக்கியம்பட்டியில் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகினார்கள். அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவையொட்டி அரசு கொடுத்த சலுகை.

அந்தச் செய்தியைப் படித்தபோது உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் நாம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. நீண்ட காலம் சிறையில் இருந்தவரை வெளியே விடலாமா என்பது ஒரு கேள்வி. அதை யார், எதைப் பார்த்து, எந்த நாளில் முடிவு செய்வது என்பது வேறு கேள்வி. நம்மை உறுத்துவது இரண்டாவதுதான்.

“ஆயுள் என்றால் பதினாலு வருஷம்தானே?” என்று டீக்கடையில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். அப்படி இல்லை. ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்பது 1978-ல் வந்த திருத்தம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, புதிய சட்டத்தில் 475. 14 முடிந்தால் கதவு திறந்துவிடாது. கதவைத் தட்டலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் பதினாலு வருடம் முடியாதவர்களை எப்படி விட்டார்கள்? அரசியலமைப்பின் 161-வது பிரிவு ஆளுநருக்குத் தனி அதிகாரம் கொடுக்கிறது. அமைச்சரவை சொல்வதை ஏற்று அவர் தண்டனையைக் குறைக்கலாம். அந்த 14 ஆண்டு வரம்பு இதைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் இதைக் கட்சி பேதமில்லாமல் தலைவர்களின் பிறந்த நாளோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2008-ல் அண்ணா நூற்றாண்டு. ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் ஒரே வீச்சில் வெளியே வந்தார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, அப்போது பத்து ஆண்டு. 2021-ல் அண்ணாவின் 113-வது பிறந்த நாள். 700 பேருக்கு விடுதலை என்று சட்டசபையில் அறிவிப்பு.

யோசித்துப் பாருங்கள். 2001 நடுவில் சிறைக்குப் போனவருக்கு 2008-ல் ஏழு வருடம் கணக்கில் நிறைந்துவிடுகிறது. ஆறே மாதம் தள்ளிப் போனவருக்கு நிறையவில்லை. குற்றம் ஒன்று, நடத்தை ஒன்று. முதல் ஆள் பொங்கலுக்கு வீட்டில் இருப்பார். இரண்டாம் ஆளின் பெண்டாட்டி இன்னும் எத்தனையோ பொங்கலைத் தனியாகக் கழிக்க வேண்டும். இதை நியாயம் என்று எந்த வீட்டில் போய்ச் சொல்ல முடியும்?

திருந்தியவரை விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம் மாவட்டத்தில் இண்டூர் பக்கம் நடக்கிற கொலைகளை நீங்களே அறிவீர்கள். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, வழித்தடம், குடி. கூலிப்படை வைத்துத் திட்டம் போட்டுச் செய்வது ரொம்ப அபூர்வம். 24 வயதில் ஆத்திரத்தில் அரிவாளை எடுத்தவன் 44 வயதில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சிறைத் தறியில் நெய்துகொண்டிருக்கிறான். அவனை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பதால் இண்டூருக்கு என்ன லாபம்?

அந்த வீட்டுப் பக்கமும் பாருங்கள். அவன் போனபோது தவழ்ந்த பிள்ளை இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில். மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். சேலம் மத்திய சிறையில் மனு போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு தனி. தண்டனை அவள் பெயரில் எழுதப்படவில்லை. ஆனால் அனுபவிக்கிறாள்.

அற்புதம்மாளை எல்லோருக்கும் தெரியும். 19 வயது மகன் பேரறிவாளனை 1991 ஜூனில் ராஜீவ் காந்தி கொலை வழக்கு விசாரணைக்கு என்று அனுப்பினார். மகனுக்கு 50 வயது ஆனபோதுதான் திரும்பப் பெற்றார். தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் விடுதலைக்குப் பரிந்துரை செய்தும் ராஜ்பவனில் கோப்பு நகரவில்லை. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே தன் தனி அதிகாரத்தைக் கையில் எடுத்து விடுவித்தது. அந்த வழக்கைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், இருக்கட்டும். முப்பது வருடம் டெல்லிக்கும் சென்னைக்கும் அலைய எத்தனை அம்மாக்களால் முடியும்?

இதில் எதைப் பார்க்க வேண்டும் என்று 2000-ல் லட்சுமண் நஸ்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. குற்றம் சமூகத்தையே பாதித்ததா, மறுபடி செய்வாரா, செய்யும் தெம்பு இருக்கிறதா, இன்னும் அடைத்து வைப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. இந்த முதல் கேள்வியை இலக்கியம்பட்டி வழக்கில் கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும்.

இறந்தவர் வீட்டை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துப் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியில் சேர்க்கிறார்கள், நல்லது. ஆனால் விடுதலைக்கு முன்னால் அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சம்மதம் வாங்கச் சொல்லவில்லை. பயம் இருக்கிறதா, ஒரே தெருவில்தான் வந்து குடியேறப் போகிறாரா என்றாவது கேட்கலாமே! குஜராத்தில் பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் கைதிகள் 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று விட்டு, மாலை போட்டு வரவேற்றதை நாடே பார்த்தது. பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானுவே உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அப்படி விடுவிக்க குஜராத் அரசுக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8-ல் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முன்விடுதலைக்குத் தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் அரசே அவர் கோப்பை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத, வக்கீல் வைக்க வசதியில்லாத மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இது ஒழுங்காக நடந்தால் எந்தத் தலைவரின் பிறந்த நாளுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோப்பு நகரும்போது நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார், போலீஸ் அறிக்கையும் போகும். அந்த நேரத்தில் பலர் “நமக்கெதற்கு வம்பு” என்று நழுவுகிறோம். சிலர் சாதியைப் பார்த்துப் பேசுகிறார்கள். பரோலில் வந்தபோது எப்படி இருந்தார், குடித்தாரா, யாரையாவது மிரட்டினாரா, சொந்தக்காரர்கள் வைத்துக்கொள்வார்களா என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு எதிராகச் சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் 14 ஆண்டு முடித்தவரின் குடும்பம் இருந்தால், தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். காசு எதுவும் வாங்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்