மொழி மாறும் நிரல்கள்: அவசரம் கூடாது

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஏறத்தாழ 7 கோடிப் பேருக்கு ஓய்வூதியமும் உதவித்தொகையும் வழங்கி வருகிறது. அதன் கணினிகள் இன்றும் பெருமளவில் நம்பியிருப்பது, 1959-இல் வடிவமைக்கப்பட்ட கோபோல் என்ற நிரல்மொழியை. அந்த நிரல்களை வேறு மொழிக்குச் சில மாதங்களிலேயே மாற்றிவிட, எலான் மஸ்க் முன்னின்று நடத்திய அரசுத் திறன் துறை திட்டமிடுவதாக 2025 மார்ச்சில் 'வயர்டு' இதழ் செய்தி வெளியிட்டது.

மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. கோபோல் அறிந்த நிரலாளர்கள் ஓய்வு பெற்று வருகின்றனர். 2020 ஏப்ரலில், கரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வருமாறு நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி வேண்டுகோள் விடுக்க நேரிட்டது.

ஒரு மொழியின் கட்டளைகளை வேறொரு மொழியில் எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. கோபோலை ஜாவாவாக மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆனால், இரு மொழிகளும் கணக்கிடும் விதம் வேறு. கோபோல் பணத்தைத் தசம எண்ணாகவே கையாளும். ஜாவாவின் வழக்கமான பின்ன எண் வகையோ இரும முறையில் இயங்குவது; அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். துல்லியமான தசமக் கணக்குக்கு ஜாவாவில் தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்த மறக்கக் கூடாது. மேலும், தனியே கட்டளையிடாத வரை கோபோல் மிஞ்சும் தசம இலக்கங்களை வெட்டிவிடும். புதிய நிரல் அவற்றை அடுத்த எண்ணுக்கு உயர்த்தினால், ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சென்ட் மாறும். கோடிக்கணக்கான கணக்குகளில் அது சிறு தொகையன்று.

இதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. பல பத்தாண்டுகளில் வந்த சட்டத் திருத்தங்களும் விதிவிலக்குகளும் பழைய நிரலுக்குள் பதிந்துள்ளன. சில விதிகளுக்கு அந்த நிரலைத் தவிர வேறு எழுத்துச் சான்றே இருப்பதில்லை. பொருளற்றதாகத் தோன்றும் ஒரு வரியை நீக்கினால், எங்கோ ஒரு கைம்பெண்ணின் உதவித்தொகை நின்றுபோகக்கூடும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் 2018-இல் நடந்தது நிரல்மொழி மாற்றமன்று. கணினி அமைப்பு மாற்றம். எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். புதிய அமைப்புக்கு ஒரே மூச்சில் மாறியதால் லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குகளைப் பயன்படுத்த முடியாமல் தவித்தனர். ஒழுங்குமுறை அமைப்புகள் 2022-இல் 4.8 கோடி பவுண்டுக்கும் அதிகமாக அபராதம் விதித்தன.

பாதுகாப்பான வழி எல்லோரும் அறிந்ததுதான். பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். பழைய நிரலும் புதிய நிரலும் சில காலம் அருகருகே இயங்கி, ஒரே விவரத்துக்கு ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். விடைகள் வேறுபட்டால், எது சட்டப்படி சரி என்பதைத் துறை அறிந்த அலுவலர்கள் தீர்மானிக்க வேண்டும். மூத்த நிரலாளர்கள் பணியில் இருக்கும்போதே அவர்களின் அறிவைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இவற்றுக்கு ஆண்டுகள் பிடிக்கும். மாற்றத்தை அறிவிப்பவர்களுக்கு அந்தக் காலம் நீண்டதாகத் தோன்றலாம். மாத ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் முதியவருக்கோ, அதுதான் பாதுகாப்பு.