ஆலோசனையும் சிகிச்சையே

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். ‘ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம்’ என்பது அதன் அலுவல் பெயர். அந்தப் பெயரில் ஆலோசனை முன்னால் நிற்கிறது, பரிசோதனை பின்னால் வருகிறது. காரணத்தோடு அமைந்த வரிசை அது. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களின் உடலில் வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. அந்த மருந்தை ஆயுள் முழுக்க விடாமல் எடுத்துக்கொள்ளும் மனநிலையை உருவாக்குகிற ஆலோசகர்களோ பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்களாகவே காலம் தள்ளுகிறார்கள். மருந்துக்குக் கிடைத்த உறுதி ஆலோசனைக்கும் கிடைக்க வேண்டும். ஆலோசகர் பணியிடங்களை நிரந்தரமாக்குவதில் இனியும் தாமதம் கூடாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் தொற்று இருப்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் தெரியவந்தது. அன்று கொடுப்பதற்கு மருந்து இல்லை. நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதும், குடும்பத்தை அழைத்துப் புரியவைப்பதுமே மருத்துவர் செய்யக்கூடியதாக இருந்தது. 1993இல் சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் பரிசோதனையையும் ஆலோசனையையும் சேர்த்தே வழங்கியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 1998இல் தொற்றுள்ள பெண்களே சென்னையில் ஒன்றுகூடிப் ‘பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. ஆக, இந்த மண்ணில் ஆலோசனைக்கு மருந்தைவிட வயது அதிகம்.

ஆலோசனை பரிசோதனைக்கு முன்பே தொடங்குகிறது. எதற்காக இந்தப் பரிசோதனை, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்வது, தொற்று ஏற்பட்ட புதிதில் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பன போன்றவற்றை வந்தவருக்கு விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் தரப்படும் ஆலோசனையைச் சம்மதத்தின் பகுதியாகவே அது வைத்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் எச்.ஐ.வி.யையும் சேர்த்து, நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பரிசோதிப்பது சட்டத்துக்கு மாறானது.

முடிவைச் சொல்லும் நேரம் இன்னும் முக்கியமானது. மூன்று வெவ்வேறு பரிசோதனைகளில் உறுதியான பிறகே ‘பாசிட்டிவ்’ என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஆலோசகர் சொல்வதில் பெரும்பகுதி எதிரில் இருப்பவரின் காதில் விழுவதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் அப்போது பிரசங்கம் செய்ய மாட்டார். காத்திருப்பார், அழவிடுவார். இன்று இரவு வீட்டில் யார் துணைக்கு இருப்பார்கள் என்று கேட்பார். தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று நேரடியாகவே விசாரிப்பார். மறுநாளோ அடுத்த வாரமோ திரும்ப வருவதற்கான நாளைக் குறித்துக் கொடுத்து, கூட்டு மருந்து மையத்துக்கு அவரைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் ஏற்பார். 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் காட்டும் சி.டி.4 அளவைப் பார்க்காமல் உடனே சிகிச்சை தொடங்குவதே நாட்டின் கொள்கை. முடிவு தெரிந்த இந்தச் சில நாட்களில் கைநழுவிப் போகிறவர், பல ஆண்டுகள் கழித்துக் காசநோயோடும் மெலிந்த உடலோடும்தான் மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறார்.

முடிவு உரிய முறையில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018 டிசம்பரில் கண்டது. சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016இலும் தானம் செய்திருந்தார். அப்போதே தொற்று பதிவாகியிருந்தும் அந்தத் தகவல் அவரிடம் சேரவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலையை அறிந்த அவர், தானே முன்வந்து ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் நேர்ந்த தவறு பற்றி அன்று நிறையப் பேசப்பட்டது. 2016இலேயே ஒருவர் அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருந்தால் அவர் மீண்டும் ரத்தம் கொடுத்திருக்க மாட்டார், அந்தத் தாய்க்குத் தொற்று வந்திருக்காது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. உண்மையைத் தானே வந்து சொன்ன இளைஞருக்குத் தேவைப்பட்ட துணையும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஆலோசனையின் வேலை கூடுகிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கிவிட்டன. நாளுக்கு ஒன்று போதும். முந்தைய மருந்துகளோடு ஒப்பிட்டால் பக்கவிளைவும் குறைவு. ஆனால் அந்த ஒரு மாத்திரையை நாள் தவறாமல் விழுங்க வேண்டும். இடைவெளி விட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். மாத்திரை தவறுவதற்கான காரணங்கள் மருந்துச் சீட்டில் இருப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் யார் கண்ணிலும் படாமல் டப்பாவை வைக்க இடமிருக்காது. லாரி ஓட்டுநர் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார். மருந்து வாங்கும் நாளில் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். குடிப்பழக்கம் இருக்கலாம், சோர்வு இருக்கலாம். ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற எண்ணம் வந்திருக்கலாம். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது மருத்துவரால் இவற்றைத் துருவிக் கேட்க முடியாது. மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, வராதவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வழியைச் சொல்வது ஆலோசகரே.

இதன் பயன் நோயாளியோடு நிற்பதில்லை. தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அங்கேயே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான தம்பதிகளிடம் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்துள்ளன. தொற்றுள்ளோரில் தம் நிலையை அறிந்தவர்கள், அவர்களில் சிகிச்சை பெறுவோர், சிகிச்சை பெறுவோரில் வைரஸ் கட்டுக்குள் இருப்போர் என மூன்று படிகளிலும் 95 விழுக்காட்டை எட்டுவது உலக இலக்கு. மூன்று படிகளிலும் ஆலோசகர் தேவைப்படுகிறார்.

குடும்பத்திடம் சொல்வது அடுத்த சிக்கல். கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் பல பெண்கள் தம் தொற்றை முதலில் அறிகிறார்கள். கணவர் பரிசோதித்துக்கொள்ளாத நிலையில் பழி முழுதும் அவர்கள் மீது விழுகிறது. தொற்றுள்ளவர் தன் துணையிடம் தானே சொல்ல வைப்பதுதான் ஆலோசனையின் முதல் நோக்கம். அவர் சொல்ல மறுத்து, துணைக்கு ஆபத்து இருக்கும்போது, மருத்துவரோ ஆலோசகரோ மட்டும், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, துணைக்குச் சொல்லலாம் என்கிறது சட்டம். சொன்னால் அந்தப் பெண் அடிக்கப்படுவார் அல்லது கைவிடப்படுவார் என்று அஞ்ச இடமிருந்தால் சொல்லக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. எந்த வீட்டில் எது பொருந்தும் என்று நிதானிக்கப் பல ஆண்டு அனுபவம் வேண்டும். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை பலன் கண்ணெதிரே தெரிகிறது. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. உரிய சிகிச்சையில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. இதற்குத் தாய் பேறுகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மருந்தை விடாமலிருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு வாரத்தில் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் உள்ள ஊரில், ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு அந்தத் தாயைக் கைமாற்றி ஒப்படைக்க ஒருவர் கவனமாக இருந்தாக வேண்டும். தொற்றோடு பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு வேறொரு தேவை இருக்கிறது. தினமும் ஏன் மாத்திரை என்று அவர்கள் கேட்கிறார்கள். பள்ளி வயதிலேயே, வளர்ச்சிக்கு ஏற்ப, படிப்படியாக உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சத்து மாத்திரை என்று மறைத்து வளர்த்த பிள்ளை பதின்வயதில் வேறு யாரிடமிருந்தோ உண்மையை அறிந்தால் முதலில் மாத்திரையைத்தான் வீசி எறியும். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லும் ஆள் பெரும்பாலும் ஆலோசகர்தான்.

மருத்துவமனைக்குள்ளேயே ஒதுக்குதல் தொடரும்வரை எந்த ஆலோசனையும் முழுமையாகாது. படுக்கையிலோ நோயாளிக் கோப்பிலோ அடையாளம் இடுவது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, பிரசவ வார்டில் தனியே கிடத்துவது எல்லாமே சட்டம் தடைசெய்த பாகுபாடு. எல்லா நோயாளிகளிடமும் ஒரே பாதுகாப்பு முறையைக் கடைப்பிடித்தால் ஊழியர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஊசி குத்திவிட்டால்கூட 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. புகார்களை விசாரிக்க மாநிலம்தோறும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது தொற்றுள்ள பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதும் ஆலோசனையின் கடமைகளில் ஒன்று.

எதிர்வாதம் ஒன்று உண்டு. நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, சிகிச்சை எளிதாகிவிட்டது, செவிலியரே இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம், தனி ஆலோசகர் எதற்கு என்பது அது. ஆனால் பதின்வயதில் நிற்கும் பிள்ளைகளும், முப்பது ஆண்டு தொற்றோடு முதுமையில் நுழைவோரும், சர்க்கரை நோயையும் மனச்சோர்வையும் சேர்த்துச் சுமப்போரும் ஒரே நேரத்தில் மையங்களுக்கு வருகிறார்கள். மருந்து எளிதாகியிருக்கிறது, அவர்களுடைய வாழ்க்கை எளிதாகவில்லை. ஏற்கெனவே பணிச்சுமையில் இருக்கும் செவிலியரின் தலையில் இதையும் ஏற்றினால், ஆலோசனை கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும். புதிய தொற்றுகள் குறைந்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. அதையே காரணம் காட்டி ஏற்பாட்டைக் கலைக்கக் கூடாது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 முதல் 2026 மார்ச் வரைக்கானது. ஒதுக்கீடு ரூ.15,471.94 கோடி. கட்டம் கட்டமாக நிதி வருவதால் ஊழியர்களும் கட்டம் கட்டமாகவே வைக்கப்படுகிறார்கள். நோயோ ஆயுள் முழுக்க நீடிப்பது. அனுபவமுள்ள ஓர் ஆலோசகர் வேலையை விட்டுப் போனால், அவரை மட்டுமே நம்பித் தன் கதையைச் சொன்ன பல நோயாளிகள் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க மனமில்லாமல் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. நம்பிக்கை மையங்களிலும் கூட்டு மருந்து மையங்களிலும் உள்ள ஆலோசகர் பணியிடங்களை மாநில சுகாதாரத் துறையின் நிரந்தரப் பணியிடங்களாக்க வேண்டும். நீண்டகாலம் பணியாற்றியோருக்கு முன்னுரிமை தர வேண்டும். குரல் வெளியே கேட்காத, கதவு மூடக்கூடிய தனியறை ஒவ்வொரு மையத்திலும் வேண்டும். ஓர் ஆலோசகர் ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் பார்க்கலாம் என வரம்பு வகுக்க வேண்டும். ஆலோசகர்களுக்கு மனநல மருத்துவரின் வழிகாட்டுதலும், நோயாளிகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தோடு நேரடித் தொடர்பும் தேவை. தொற்றோடு நன்றாக வாழ்பவர்களை ஊதியத்தோடு துணை ஆலோசகர்களாக அமர்த்தலாம். ரத்த வங்கிகளில் தொற்று தெரியவந்த ஒவ்வொரு கொடையாளரும் நம்பிக்கை மையத்தை வந்தடைந்தாரா என்பதை மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். 1097 என்ற இலவச உதவி எண்ணும், குறைதீர்ப்பாளரை அணுகும் வழியும் எல்லா மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவிலும் தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும். இவற்றில் பணியிடங்களை நிரந்தரமாக்குவதே முதலாவது. அதற்கான அரசாணையைத் தமிழ்நாடு அரசு பிறப்பிக்க வேண்டும். அதற்குரிய நிதிப் பொறுப்பை மத்திய அரசும் ஏற்க வேண்டும்.